லினக்ஸ் கணினிக்கு வைரஸ் கார்ட் வேண்டுமா? திருகோணமலைப் பயனர்களுக்கு ஒரு வழிகாட்டி

வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. வின்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற திறந்த மூல இயங்குதளங்கள் நல்ல வழியாக இருக்கின்றன. அவற்றை நிறுவியவுடன் நம்மவர்கள் கேட்கும் முதற்கேள்வி, இதற்கு எந்த வைரஸ் கார்ட் (வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்) போடுவது என்பதுதான். வீட்டிலோ படிப்புக்கோ பயன்படும் லினக்ஸ் கணினியில் நாள் முழுவதும் பின்னணியில் ஓடும் வைரஸ் கார்ட் தேவையில்லை. ஆனால் பிறருடைய பென் டிரைவ்களும் கோப்புகளும் உங்கள் வழியாகப் போய்வருமானால், தேவைப்படும்போது இயக்கிப் பார்க்கும், கோப்புகளில் வைரஸ் உள்ளதா என்று தேடும் ஒரு வருடி (ஸ்கேனர்) கட்டாயம் இருக்க வேண்டும். இதுவே என் பதில். அதற்கான காரணங்களையும் செய்ய வேண்டியவற்றையும் கீழே தருகிறேன்.

லினக்ஸில் வைரஸே இல்லை என்ற பேச்சை முதலில் கைவிட வேண்டும். 1996இல் ஸ்டாவோக், 1997இல் பிளிஸ் என்று லினக்ஸுக்கென எழுதப்பட்ட வைரஸ்கள் அப்போதே வந்துவிட்டன. அவை பரவாமல் போனதற்கு அமைப்பு முறையே காரணம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு இயங்குவதற்கான அனுமதியுடன் வருவதில்லை. மென்பொருள்கள் எண்ணிம ஒப்பமிட்ட களஞ்சியத்திலிருந்து வருகின்றன. கணினி முழுவதையும் மாற்றும் செயலுக்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஆவணங்களும் புகைப்படங்களும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் உங்கள் சொந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. நீங்களே அனுமதி கொடுத்து இயக்கிய ஒரு தீய நிரல் அவற்றைத் திருடவோ பூட்டிவைக்கவோ நிர்வாகியின் கடவுச்சொல் அதற்குத் தேவையே இல்லை.

ஆகவே முதல் வேலை இற்றைப்படுத்தல். 2017 ஜூன் மாதத்தில் பிறரின் இணையத்தளங்களை ஏற்றி நடத்தும் நயானா என்ற தென்கொரிய நிறுவனத்தின் 153 லினக்ஸ் வழங்கிகளை (சர்வர்களை), கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் எரெபஸ் என்ற பணயத் தீநிரல் பூட்டியது. அந்நிறுவனம் ஏறத்தாழ 10 லட்சம் அமெரிக்க டொலர் கப்பம் கட்ட நேர்ந்தது. அதன் இணையத்தளம் 2008இல் தொகுக்கப்பட்ட கருநிரலிலும் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்) அப்பாச்சி என்ற இணைய வழங்கி மென்பொருளின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இயங்கிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். இத்தனை ஆண்டுகள் திறந்து கிடந்த ஓட்டைகளை எந்த வைரஸ் கார்டாலும் ஈடுசெய்ய முடியாது. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே நிறுவுங்கள். உபுண்டுவின் அத்தகைய பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படி அமைத்துவிடுங்கள். கைபேசி டேட்டாவில் இணையம் பாவிப்பவர்கள் பெரிய பதிவிறக்கங்களைத் தள்ளிப்போடலாம். ஆனால் உலாவிக்கும் கருநிரலுக்கும் வரும் திருத்தங்களை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது, மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்பது. இயங்குதளத்தின் சொந்த மென்பொருள் மையத்தில் கிடைப்பதை வேறெங்கும் தேடாதீர்கள். யாரோ ஒருவர் காணொளியில் சொன்னார் என்பதற்காக முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஒரு கட்டளையை ஒட்டி, நிர்வாகியின் கடவுச்சொல்லையும் கொடுப்பதே லினக்ஸ் பயனர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய மிகப்பெரிய தீங்கு. நிறுவல் கோப்பையும் சரிபார்க்க வேண்டும். 2016 பெப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துக்குள் நுழைந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியைப் பின்கதவு (வெளியார் இரகசியமாக நுழையும் வழி) வைத்த ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு இறக்கியவர்களில் சரிகாண் தொகையை (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்ணெழுத்துக் குறி) ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்கும். அந்தத் தொகையோடு, அதில் இடப்பட்டுள்ள எண்ணிம ஒப்பத்தையும் சரிபார்ப்பது இன்னும் உறுதியானது, ஏனெனில் தளத்துக்குள் நுழைந்தவரால் தொகையையும் மாற்றிவிட முடியும்.

2024 மார்ச் மாதத்தில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதன் பராமரிப்பாளராகவே நம்பிக்கை பெற்றிருந்த ஒருவர் பின்கதவு வைத்தார். அதைப் பிடித்தது எந்த வைரஸ் கார்டும் அல்ல. தொலைவிலிருந்து உள்நுழையும்போது அரை விநாடியளவு தாமதம் ஏற்படுவது ஏன் என்று விடாமல் ஆராய்ந்த அன்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியியலாளர். மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததாலேயே அவரால் வேரைக் காண முடிந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்பைப் பாவித்தவர்களை அந்தப் பின்கதவு எட்டவேயில்லை. புத்தம்புதிய பதிப்பின் மேல் ஆசை இருந்தாலும் அன்றாட வேலைக்கு நிலையான பதிப்பே மேல் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனிப் பென் டிரைவ். திருகோணமலையில் ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்கவோ கடந்தகால வினாத்தாள்களைப் பிரதி செய்யவோ கொமினிகேஷன் கடைக்குப் போகிறவர் பென் டிரைவைத்தான் கொண்டுபோகிறார். ஒரு நாளில் எத்தனையோ பேரின் டிரைவ்கள் அதே கணினியில் செருகப்படுகின்றன. அங்கிருந்து ஒட்டிவரும் குறுக்குவழி வைரஸ் உங்கள் கோப்புறைகளை மறைத்து, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை வைக்கும். அதைச் சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், வைரஸும் இயங்கும். லினக்ஸில் அது இயங்காது. வின்டோஸ் மறைத்துவைத்த கோப்புறைகளையும் லினக்ஸின் கோப்பு மேலாளர் வழக்கமாக அப்படியே காட்டிவிடும். சில வேளைகளில் எல்லாவற்றையும் பெயரற்றதுபோல் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் வைரஸ் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள். உங்கள் ஆவணங்களை மட்டும் கணினிக்குப் பிரதி செய்துகொண்டு, டிரைவை எக்ஸ்ஃபாட் அல்லது ஃபாட்32 முறையில் வடிவமைத்து, ஆவணங்களைத் திரும்ப இடுங்கள். மறைப்பு அடையாளமும் அத்துடன் நீங்கிவிடும். எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுப்பது முக்கியம். டிரைவை மொத்தமாகப் பிரதி செய்தால் வைரஸையும் சேர்த்தே பிரதி செய்வீர்கள்.

உங்கள் கணினியில் அந்த வைரஸ் செயலற்றுக் கிடக்கலாம். ஆனால் அதே கோப்பை நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பினாலோ, டிரைவை வின்டோஸ் பாவிக்கும் தம்பி தங்கையிடம் கொடுத்தாலோ, அங்கே அது உயிர்பெறும். வருடி வேண்டும் என்று நான் சொல்வது பெரும்பாலும் அவர்களுக்காகவே.

அதற்கு கிளாம்ஏவி போதும். 2002இல் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளை இப்போது சிஸ்கோ நிறுவனம் பராமரிக்கிறது. மென்பொருள் மையத்தில் பெயரைத் தேடி நிறுவலாம். வைரஸ் அடையாளங்களின் முதற்பதிவிறக்கம் கனமானது என்பதால் நல்ல வைஃபை இணைப்பில் செய்யுங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் அதன்பின் புதுப்பிப்பு தானாகவே நடக்கும். பென் டிரைவைச் செருகியபின் முனையத்தில் கிளாம்ஸ்கேன் கட்டளையை, உட்கோப்புறைகளையும் சேர்த்துப் பார்க்கும் தெரிவோடும் பாதிக்கப்பட்டவற்றை மட்டும் காட்டும் தெரிவோடும் அந்த டிரைவின் மீது இயக்குங்கள். தொடங்குவதற்கே சற்று நேரம் எடுக்கும். அடையாளங்கள் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டே அது வேலையைத் தொடங்குகிறது. கிளாம்ஏவியின் ஆவணங்கள் 3 ஜிகாபைட்டுக்குக் குறையாத நினைவகத்தைப் பரிந்துரைப்பதால், 2 ஜிகாபைட் மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் அதைப் பின்னணிச் சேவையாக ஓடவிடாதீர்கள். மிகப் பெரிய கோப்புகளை அது இயல்பாகத் தவிர்த்துவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட கோப்பை அது குணப்படுத்தாது. கண்டுபிடித்துச் சொல்லும், சொன்னால் நகர்த்தும் அல்லது அழிக்கும். தானாக அழிக்கும் தெரிவைப் பயன்படுத்தாதீர்கள். தவறான எச்சரிக்கை வருவதுண்டு. உங்கள் ஒரே பிரதியான பட்டப்படிப்பு ஆய்வேடு அப்படி அழிந்துவிடக் கூடாது.

வைன் என்ற மென்பொருள் வழியாக வின்டோஸ் நிரல்களை இயக்குபவர்களுக்கு வின்டோஸ் வைரஸ்களும் இயங்கக்கூடும்; அங்கே இயக்கும் ஒவ்வொரு கோப்பையும் முன்கூட்டியே வருடுங்கள். லிப்ரே ஆஃபிஸில், ஆவணத்துக்குள் பொதிந்துவரும் சிறு நிரல்களான மேக்ரோக்களுக்கான பாதுகாப்பு மட்டத்தை உயர்நிலையிலேயே விட்டுவிடுங்கள். உலாவியில் தேவையற்ற நீட்சிகளை அகற்றுங்கள். வங்கியின் பெயரில் வரும் போலிப் பக்கம் எந்த இயங்குதளத்திலும் ஒன்றுபோலவே ஏமாற்றும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போவதே பாதுகாப்பு.

கணினியை விட அதிகம் தாக்கப்படும் லினக்ஸ் கருவிகள் வேறு இருக்கின்றன. வீட்டு ரவுட்டர்களும் பாதுகாப்புக் கமராப் பதிவுப் பெட்டிகளும் பெரும்பாலும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளை முயன்று பார்த்தே பெருந்தொகையான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 அன்று இணையத்தளப் பெயர்களை அவற்றின் எண் முகவரிகளோடு இணைத்துத் தரும் டைன் நிறுவனத்தின் மீது அவற்றை ஏவி, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களைப் பல மணிநேரம் முடக்கினார்கள். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ விருந்தினர் விடுதி நடத்துபவர், தம் கமராப் பெட்டியின் கடவுச்சொல்லை நிறுவியவர் மாற்றினாரா என்று இன்றே பார்க்க வேண்டும். விருந்தினருக்கான வைஃபையும் விடுதிக் கணக்கு வைத்திருக்கும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கக் கூடாது.

ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் வழங்கி வின்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிர்கிறது அல்லது மின்னஞ்சலைக் கையாள்கிறது என்றால், அங்கே என் பதில் மாறும். அத்தகைய வழங்கியில் தொடர்ந்து ஓடும் வருடி வேண்டும். ஒருவர் இட்ட கோப்பை இருபது பேர் திறக்கும் இடம் அது. தொலைவிலிருந்து உள்நுழைய அனுமதித்திருந்தால் கடவுச்சொல்லை நிறுத்தி, சாவிக் கோப்பு முறைக்கு மாற்றுங்கள். தேவையற்ற வலையமைப்பு வாயில்களை (போர்ட்) தீயரணில் (ஃபயர்வால்) மூடுங்கள்.

இவை எல்லாவற்றையும் செய்தபின்னும் ஒரு வெளிவட்டில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்திருங்கள். செருகியபடியே இருக்கும் வட்டைப் பணயத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும். எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டு, அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.