துடைப்ப ஈர்க்கு ஏமாற்றியது, மூங்கில் கைகொடுத்தது

காரைக்குடி வீட்டு முற்றத்தில் டைகர் மாத் என்ற, மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை கொண்ட பழைய விமானத்தின் மாதிரியை 1:48 அளவில் (அசலில் 48-இல் ஒரு பங்கு) செய்துகொண்டிருந்தேன். இரு இறக்கைகளுக்கிடையே நிற்கும் நான்கு தாங்குகால்களில் ஒன்று உடைந்துவிட்டது. அப்பத்தாவின் துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவினேன் (திட்டும் கிடைத்தது). ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்திருந்ததால் உதவவில்லை.

பிறகு மூங்கிலைச் சீவினேன். மிஞ்சிக் கிடந்த ஆத்தங்குடித் தரை ஓட்டுக் கல்லின்மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தேன். கண்ணாடிமேல் வார்த்த கல்லாயிற்றே, மேடுபள்ளம் கிடையாது. குறுக்குவெட்டு நீர்த்துளிபோல வரவேண்டும்: முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் கூர்மை. அதற்கே இரண்டு மாலைகள் போயின.

அசல் விமானத்தில், முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வசதியாக மேல் இறக்கையை முன்னே தள்ளியிருப்பார்கள். அதனால் தாங்குகாலும் சாய்ந்தே நிற்கும். அட்டையில் அந்தச் சாய்வை வெட்டி, முட்டுக்கொடுத்து ஒட்டினேன். இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்குப் பழைய இயர்போனின் செம்பு இழை.