கேஸ் கீசர் புகைக்குழாயைப் பக்கவாட்டில் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி டெல்டாவில் பெரும்பாலும் மழையோடுதான் வரும். விடியற்காலை நாலு மணிக்கே ஒருவர் பின் ஒருவராக எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். சாரல் அடிக்கிறதென்று குளியலறை ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். கேஸ் கீசர் நிற்காமல் எரிந்துகொண்டிருக்கும். புகைக்குழாய் ஒழுங்காக இல்லாத வீட்டில் இதைவிட ஆபத்தான நேரம் வேறு இல்லை. ஆனால் கீசர் மாட்டும் அன்றைக்கு எல்லோரும் பார்ப்பது தண்ணீர் சுடுகிறதா என்பதைத்தான். புகை எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சூடான புகை தானாக மேலே ஏறும், பக்கவாட்டில் தானாகப் போகாது. மற்ற தவறுகள் பலவும் இதை மறப்பதால் வருபவை. ஃபேன் இல்லாத கீசரின் புகைக்குழாய் முதலில் நேராக மேலே எழும்ப வேண்டும், கூரைக்கு மேலே போய் முடிய வேண்டும். அதன் தலையில் ஒரு எல்போவை, அதாவது குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பை மாட்டி, சுவரில் துளை போட்டு வெளியே நீட்டிவிட்டால் புகை பாதி வெளியே போகும், பாதி அறைக்கே திரும்பும். பக்கவாட்டில்தான் விட வேண்டும் என்றால் புகையைத் தள்ளும் ஃபேன் உள்ள மாடலை வாங்குங்கள். வெளிக்காற்றையே இழுத்து எரித்து வெளியே விடும் இரட்டைக்குழாய் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. கீசரையே கொல்லைப்புறத்தில் மழை படாத திறந்த இடத்தில் மாட்டி, சுடுதண்ணீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர முடியுமானால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.

“கேஸ் நாற்றமே வரவில்லையே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. சிலிண்டரில் கலந்திருக்கும் அந்த நாற்றம் கசிவைக் காட்டிக்கொடுக்கத்தான். கேஸ் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். எரிவதற்குக் காற்று போதாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறவரால் எழுந்து வந்து கதவைத் திறக்கக்கூட முடியாமல் போகலாம்.

ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுதாக எரிய 12 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறையில், உயரம் ஒன்பதடி என்று வைத்தாலும், மொத்தக் காற்றே 8 கன மீட்டரைத் தொடாது. அதனால் புகைக்குழாய் மட்டும் போதாது, கதவின் கீழேயும் சுவரின் மேலேயும் அடைக்காத காற்று வழிகள் வேண்டும். அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது இன்னொரு தவறு. அறைக் காற்றை அது வெளியே இழுக்கும்போது, புகைக்குழாய் வழியாகப் புகை உள்ளே வரும்.

அடுத்து சரிவு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி உண்டாகும். அதில் ஒரு பங்கு குழாயிலேயே குளிர்ந்து அமிலத்தன்மையுள்ள தண்ணீராகும். ஃபேன் உள்ள சாதாரண மாடல்களில் குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரும் மழைச்சாரலும் கீசருக்குள்ளேயே இறங்கும். புகையைக் குளிரவைத்தே வெப்பத்தை எடுக்கும் கண்டென்சிங் வகையில் சரிவு இதற்கு நேர்மாறு, தண்ணீர் கீசர் பக்கம் வந்து அங்குள்ள வடிகுழாயில் இறங்க வேண்டும். கொத்தனார் கண்ணளவில் வைக்கும் விஷயமில்லை இது, கையேட்டைப் பார்த்து ரசமட்டம் வைத்துப் பொருத்த வேண்டியது.

மிச்சம் கிடக்கும் பி.வி.சி. குழாயைப் புகைக்குழாயாகப் போடவே கூடாது. சாதாரண கீசரின் புகை 100 டிகிரியைத் தாண்டும். பி.வி.சி. இளகித் தொங்கும், இணைப்பு விட்டுப்போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் 316 தரம் நின்று உழைக்கும். கையேடு சொல்லும் விட்டத்தைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு எல்போவும் குழாயின் நீளத்தைக் கூட்டினதற்குச் சமம் என்பதால் எண்ணிக்கையிலும் கை அடங்கியிருக்கட்டும். இணைப்பு எதுவும் சுவருக்குள் புதைந்துவிடக் கூடாது.

குழாய் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் நம் ஊர் வீடுகளுக்கே உரிய சிக்கல் வருகிறது. கும்பகோணம் மாதிரி ஊர்களில் வீடுகள் பக்கச்சுவர் ஒட்டி நிற்கும், திறந்த இடம் என்று இருப்பது முற்றம்தான். வானம் தெரிகிறதே என்று அங்கே புகையை விட்டால், நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்த இடத்தில் அது சுழன்று ஜன்னல் வழியாக உள்ளே புகும். இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள குறுகிய சந்தும் அப்படித்தான், போதாததற்கு அங்கே திறந்திருப்பது பக்கத்து வீட்டு ஜன்னல். கொல்லைப்பக்கம் விடுகிறவர்கள் கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், விறகு அடுக்கு எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த கீற்றுக்கு நேராகச் சூடான புகையை ஊதிக்கொண்டே இருப்பது தீயை வலிய அழைக்கிற வேலை.

காற்றின் திசையும் முக்கியம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. கீசருக்கு அதிக வேலை மழைக்காலத்திலும் மார்கழியிலும் என்பதால், வடகிழக்கைப் பார்த்த சுவரைத் தவிர்ப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் காற்றுத் தடுப்பு மூடி கட்டாயம். 2018இல் வந்த கஜா மாதிரி ஒரு புயல் அடித்து ஓய்ந்தால், வெளிக்குழாய் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கீசரைப் பற்றவையுங்கள்.

மாட்டி முடித்ததும் பிளம்பர் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. கதவு ஜன்னலைச் சாத்தி, கீசரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் குழாய் இணைப்புகளை ஒட்டிப் பிடியுங்கள். எந்த இணைப்பிலிருந்தாவது காற்று அடித்துப் புகையைக் கலைத்தால் அங்கே கசிகிறது. ஃபேன் இல்லாத கீசரில், புகைக்குழாய் சேரும் இடத்தில் உள்ள மேல்வாய் ஓரத்தில் பிடித்தால், ஊதுபத்திப் புகை உள்ளே இழுபட வேண்டும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். இந்தச் சோதனையின்போது கதவருகில் இன்னொருவர் நிற்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி வைத்துவிடுங்கள்.

கோடையில் கீசர் சும்மா கிடக்கும் மாதங்களில் குளவி குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும், அணில் நார் கொண்டுவந்து அடைக்கும். அதற்காகக் கொசுவலை மாதிரி நெருக்கமான வலையைக் கட்டாதீர்கள், கரி படிந்து அதுவே அடைத்துக்கொள்ளும். புரட்டாசியில் ஒருமுறை கேஸை மூடிவிட்டு வெளிமூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எல்போ இருக்கும் குழாயென்றால் வெளியிலிருந்து முழுதும் தெரியாது, அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.