பழைய றேசிங் சைக்கிள் வாங்கமுதல் பிறேமைப் பாருங்கள்

பழைய சைக்கிளில் முதலில் கண்ணில் படுவது புதுப் பெயின்ட். அதை விடுங்கள். டயர், செயின், பிறேக் கட்டை எல்லாம் பிறகு மாற்றலாம். பிறேம், அதாவது குழாய்களால் ஆன உடற்சட்டம், கோணியிருந்தால் மட்டும் வாங்கவே வேண்டாம்.

வன்னியில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது நெல்மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமானையும் அதுதான் சுமந்தது. அப்படி உழைத்த பிறேமில் பழைய காயம் பெயின்டுக்குள் மறைந்திருக்கலாம்.

முதலில், கையில் இருப்பது என்ன?

நேர் ஹான்டிலும் கம்பிப் பிறேக்கும் 28 அங்குலச் சில்லும் இருந்தால் அது நாங்கள் வழமையாக ஓடும் பெரிய சைக்கிள். றேசிங் சைக்கிளின் ஹான்டில் கீழே வளைந்திருக்கும். பழையவற்றில் கியர் லீவர், ஹான்டில் பக்கமிருந்து பெடல் பக்கம் இறங்கும் சரிந்த குழாயிலேயே இருக்கும். குழாயில் காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் இரும்பு.

எல்லா இரும்பும் ஒன்றல்ல. சீற்றுக்குக் கீழே குழாயில் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். றெனோல்ட்ஸ் 531 என்றிருந்தால் அது 1935இல் இங்கிலாந்தில் அறிமுகமான மாங்கனீசு, மொலிப்டினம் கலந்த உருக்கு. யப்பான் சைக்கிள்களில் டாங்கே, இஷிவாட்டா என்ற பெயர்கள் வரும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் சீற் கம்பியைக் கழற்றி அதில் பொறித்த இலக்கத்தை வாசியுங்கள். 27.2 மில்லிமீற்றர் என்றால் பெரும்பாலும் மெல்லிய, நல்ல குழாய். 26க்குக் கீழே என்றால் குழாய் தடிப்பு, சைக்கிளும் பாரம்.

வயதை ஊகிக்க, பின் சில்லு பூட்டும் இரண்டு காதுகளுக்கும் இடைவெளியை அளவுங்கள். 120 மில்லிமீற்றரும் ஐந்து பல்லுச்சக்கரமும் என்றால் அநேகமாக எழுபதுகள் அல்லது அதற்கு முந்தியது. 126 என்றால் ஆறோ ஏழோ இருக்கும், எண்பதுகளாக இருக்கலாம்.

நூல் பிடித்துப் பார்த்தல்

இதற்கு அவசரப்படாதீர்கள். ஹான்டில் தண்டு இறங்கும் குழாய்க்குப் பின்னால், மேல் குழாயினதும் சரிந்த குழாயினதும் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சின்ன மடிப்போ பெயின்ட் வெடிப்போ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் முன்னால் எதிலோ மோதியிருக்கிறது. நான் முதலில் வாங்கியதில் மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. கீறல் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டேன். கையை விட்டால் எப்போதும் இடப்பக்கமே இழுக்கும்.

அடுத்து, பின் சில்லைக் கழற்றிவிட்டு, ஒரு பின் காதில் நூலைக் கட்டி, ஹான்டில் தண்டு இறங்கும் முன் குழாயைச் சுற்றி மற்றக் காதுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் பிறேம் கோணல்.

மற்றவை

செயினில் 12 அங்குல அடிமட்டத்தை ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் ஆணியின்) நடுவில் தொடங்கிப் பிடியுங்கள். 12இலும் ஒரு பின்னின் நடு வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு என்றால் பல்லுச்சக்கரமும் சேர்த்து. டயரில் உள்ள அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்: 27 அங்குல டயர் 700சி என்ற அளவு றிம்முக்குச் சரிவராது. எங்கள் கடைகளில் இரண்டுமே இல்லாமல் போகலாம், விலை பேசமுதல் விசாரியுங்கள். இடப் பெடலைக் கழற்றும்போது மரை எதிர்ப்பக்கம் சுற்றும், தெரியாமல் இறுக்கிவிடாதீர்கள்.

ஓடிப் பார்ப்போம்

பழைய கியர் லீவர் 'டிக்' என்று விழாது. உழக்கிக்கொண்டே, பெடலில் பாரம் குறைத்து, மெதுவாகத் தள்ளுங்கள். செயின் சத்தம் நிற்கும் இடம்தான் சரியான இடம். நின்ற நிலையில் மாற்றவே கூடாது. வெள்ளிபோல் மின்னும் இரும்பு றிம் மழையில் வழுக்கும். பிறேக்கை முன்கூட்டியே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். கிரவல் ஒழுங்கைகளில் மெல்லிய டயர் தாங்காது, அங்கே இறங்கி உருட்டுங்கள்.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதி வழியே தெற்கே முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை போவது நல்லது. விடிய வெளிக்கிடுங்கள், இடது ஓரத்திலேயே போங்கள், பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் போகும்போது காற்று எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். களைப்பு கூடியபிறகு காற்று உதவுவது எவ்வளவு ஆறுதல் என்று அனுபவித்தால் தெரியும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

மாரியில் நனைந்து வந்தால் அன்றைக்கே சீற் கம்பியைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே நின்ற தண்ணீரை ஊற்றுங்கள். காய்ந்ததும் குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பிக்குக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுங்கள்.