ஏரோபாட்டிக் விமானம்: தரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

மூக்கை வானத்துக்கு நீட்டி, ப்ரொப்பெல்லரிலேயே தொங்கி நிற்கும் ஏரோபாட்டிக் (சாகச) ரிமோட் விமானத்தை வீடியோவில் பார்த்ததும், அதையே முதல் விமானமாக வாங்கிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். இறக்கை மேலே இருக்கும் ட்ரெய்னர், அதாவது பழகுவதற்கான விமானம், ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். ஏரோபாட்டிக் விமானத்தின் இறக்கையோ மேலும் கீழும் ஒரே வளைவு. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். தலைகீழாகப் பறக்க அது வசதி. பதறும் கைக்கு ஆபத்து. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பாத நிலை வரும் வரை ட்ரெய்னரில் பழகுங்கள். அப்புறம் 1 மீட்டர் இறக்கையுள்ள ஈபிபி (எளிதில் உடையாமல் வளைந்துகொடுக்கும் நுரைப்பொருள்) ஃபோம் விமானம் போதும். பால்சா மரத்தில் செய்தது அழகுதான், ஆனால் விழுந்தால் கூட்டித்தான் அள்ள வேண்டும். ஈபிபியைப் பசை போட்டு ஒட்டிவிடலாம்.

அடுத்தது எடைச் சமநிலை. இதில் நானே அடி வாங்கியவன். கூடுதல் நேரம் பறக்கட்டுமே என்று பெரிய பேட்டரி வாங்கினேன். அது முன்னால் நுழையவில்லை. இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளி வெல்க்ரோ போட்டு இறுக்கினேன். கையிலிருந்து வீசி விட்டதும் மூக்கு நிமிர்ந்தது. ஸ்டிக்கைத் தள்ளினால் குப்புறப் பாய்ந்தது, இழுத்தால் மறுபடி நிமிர்ந்தது. நாலாவது குலுக்கலில், நடவுக்கு உழுது போட்டிருந்த சேற்றில் மோட்டார் வரை குத்தி நின்றது. வரப்பில் நின்ற பெரியவர், "என்ன தம்பி, நாத்து நட்டாச்சா?" என்றார்.

பேட்டரியைப் பொருத்தி மூடியையும் மாட்டிய பிறகே சோதிக்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கையேடு சொல்லும் தூரத்தில் இருபுறமும் விரல் வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். மூக்கில் ஈயம் ஒட்டுவது கடைசி வழி.

இறக்கை, வால் தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ விஷயத்தில், ரிமோட்டின் ட்ரிம்மை (நடுநிலையை நுணுக்கமாகத் திருத்தும் பொத்தான்) பூஜ்யத்தில் வைத்து, சர்வோவின் கை, தட்டை இழுக்கும் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள். சாகசத்துக்கு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) 45 பாகை வரை திரும்பும். முதல் பறத்தலுக்கு 10, 12 பாகையே தாராளம். ரிமோட்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 சதவீதம் வைத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும். ஆனால் சில ரிமோட்டில் அதற்குக் கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல் குறி. மாற்றிப் போட்டால் விமானம் வெறிபிடித்தது போலத் துள்ளும். திரையில் தெரியும் வளைவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கிளம்பும் முன் விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது ஏலிரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டு) மேலே எழ வேண்டும்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

இடமும் காலமும் நம் டெல்டாவில் தனிக் கதை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், ஃபோம் எம்மாத்திரம்? தஞ்சாவூரில் சுகோய் நிற்கும் விமானப்படைத் தளம் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பா பச்சையா என்று முதலில் பாருங்கள். கொள்ளிடத்து மணல் பரந்த இடம்தான். ஆனால் அதிலுள்ள கருமணலை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், கீழே ஒரு தார்ப்பாய் விரியுங்கள். தை, மாசியில் சம்பா அறுத்த வயல் காலியாகத் தெரியும். குனிந்து பாருங்கள், தாளுக்கிடையே உளுந்து முளைத்திருக்கும். அதை மிதித்துக்கொண்டு விமானம் எடுக்கப் போனால் அந்தப் பெரியவர் சிரிக்க மாட்டார்.