சிஸ்டர்களுக்கு ஒரு நோட்டு: மலை ஆஸ்பத்திரியில் நூலகம் நடத்துவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நூலகம் பார்த்துக்கொள்கிறேன். பெரிதாக நினைக்க வேண்டாம்: நாலு இரும்பு பீரோ, ஒரு கம்ப்யூட்டர், சாத்தினாலும் காற்று வரும் ஒரு ஜன்னல். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சிஸ்டர்கள் வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். டாக்டர்கள் போன் போட்டுக் கேட்டுவிடுவார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால் புத்தகம் தேடி மாடி ஏறாது.

அதனால் வார்டுக்கு ஒரு நோட்டு வையுங்கள். பேனாவை நூலில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் காணாமல் போய்விடும். சந்தேகத்தை ஒரு வரியில் எழுதட்டும். எழுதுகிறவர் பெயரும் வேண்டாம், நோயாளி பெயரும் வேண்டாம். பெயர் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். அவசரமானது நோட்டுக்கு வரக்கூடாது, நேரே டாக்டரிடம் போகவேண்டும். தினமும் காலையில் டூட்டி மாறும் நேரத்துக்கு ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

ஒரு ஜூலை மழையில் இப்படி எழுதியிருந்தது: “சிக்கிள் செல் பையன். குளிரில் கால் வலிக்கிறது என்று அழுகிறான். ஐஸ் வைக்கலாமா, வெந்நீர்ப் பையா?” சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் நம் மலைக்குப் புதிதல்ல. இந்தியாவில் அதைப் பற்றி வந்த முதல் கட்டுரைகளில் ஒன்றே 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றியதுதான். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் இணையதளத்தில் நோயின் பெயரோடு ‘பெயின்’, ‘கோல்ட்’ சேர்த்துத் தேடி, முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் வடிகட்டினேன். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கி வலி கூடும்; ஐஸ் கூடாது, இதமான சூடுதான். அதை அரைத் தாளில் தமிழில் ஐந்து வரியாக எழுதி, கீழே பத்திரிகைப் பெயரும் ஆண்டும் போட்டேன். குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே நோட்டில் ஒட்டினேன். அந்தக் கையெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாம் தேடித் தருகிறவர்கள், வைத்தியம் சொல்கிறவர்கள் இல்லை.

புத்தகங்களுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், ஈரம் ஏறாது. மருந்து அளவு சொல்லும் நூல்களில் பழைய பதிப்பை இரக்கமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் மே 12, நவீன செவிலியர் பணிக்கு வழிகாட்டிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், செவிலியர் தினம். முதல் வருஷம் மதியம் மூன்று மணிக்குக் கேக் வைத்தேன். நைட் டூட்டி சிஸ்டர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சீசன் கூட்டத்தில் கேஷுவாலிட்டி சிஸ்டர்களால் அசைய முடியவில்லை. கேக்கைத் தின்றது டாக்டர்களும் நானும்தான்.

இப்போது டூட்டி மாறும் மூன்று வேளையும் டீயும் வர்க்கியும் வார்டுக்கே போகின்றன. வராந்தாச் சுவரில் அந்த வருஷத்து நோட்டுக் கேள்விகளில் முப்பதைப் பெரிய எழுத்தில் ஒட்டுகிறேன். நடுவில், நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வட்ட வரைபடத்தின் பிரதி. காயத்தைவிடத் தொற்றுநோயால்தான் சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்று காட்டிய படம் அது. விளக்கேந்திய படத்தை எல்லோரும் மாட்டுகிறார்கள். கணக்குப் போட்ட நைட்டிங்கேலைத்தான் எனக்குப் பிடிக்கும்.

நைட் டூட்டிக்கு எடுத்துவைக்கும் வர்க்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். டாக்டர்களுக்கு வாசனை தெரியும்.