புளிப்பு ஜூஸில் புரோபயாடிக் உயிரோடு இருக்க: கைட்டோசான் பூசிய ஆல்ஜினேட் மணிகள்

ஆரஞ்சு ஜூஸில் லாக்டோபாசில்லஸை (குடலுக்கு நன்மை தரும் புரோபயாடிக் பாக்டீரியா) நேராகக் கலந்தால், ஃபிரிட்ஜில் இருந்தாலும் வாராவாரம் எண்ணிக்கை சரியும். குடிக்கும் நாளில் மி.லி.க்கு 10 லட்சம் உயிர்ச் செல்களாவது மிஞ்ச வேண்டும். அதற்குத்தான் செல்களை ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) மணிக்குள் அடைக்கும் இந்த உறை.

100 மி.லி. எம்ஆர்எஸ் திரவத்தில் (லாக்டோபாசில்லஸ் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) 37 டிகிரியில் ஓரிரவு வளர்த்த செல்களை, சென்ட்ரிஃபியூஜில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுற்றிப் பிரியுங்கள். 0.85% உப்பு நீரில் கழுவி, அதே நீரில் 10 மி.லி. ஆக்குங்கள். பாஸ்பேட் பஃபர் வேண்டாம். பின்னால் மணியை இறுகவைக்கும் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும்.

முதல் நாளே 40 மி.லி. நீரில் 1 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து, ஸ்டெரிலைஸ் செய்து, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காற்றுக் குமிழி தங்கினால் மணிகள் மிதக்கும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் ஸ்டெரிலைஸ் செய்யும் கருவி) நேரம் நீண்டால் கரைசல் நீர்த்து, மணி தளர்ந்துவிடும்.

செல் கரைசலையும் ஆல்ஜினேட்டையும் கலந்து, சிரிஞ்ச் ஊசி வழியே கால்சியம் குளோரைடு கரைசலில் (டைஹைட்ரேட் என்றால் லிட்டருக்கு 14.7 கிராம்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊசி கரைசலை ஒட்டி இருந்தால் சொட்டு உருண்டையாகும் முன்பே விழுந்து வால் முளைக்கும். சுமார் 10 செ.மீ. உயரம் போதும். மெதுவாகக் கலக்கியபடி 30 நிமிடம் இறுகவிட்டு வடிகட்டுங்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆரஞ்சில் உள்ள சிட்ரேட் மணியிலிருந்து கால்சியத்தை உருவிவிடும். மணி ஊதி, விரலால் தொட்டாலே நசுங்கும். அதனால் கைட்டோசான் (இறால், நண்டு ஓடு அல்லது காளானிலிருந்து எடுக்கும் பொருள்) பூச்சு அவசியம். 90 மி.லி. நீரில் 0.4 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் விட்டு, 0.4 கிராம் கைட்டோசானைக் கரையுங்கள். பி.எச். 5.7-க்கு உயர்த்தி, வடிகட்டி, 100 மி.லி. ஆக்கி ஸ்டெரிலைஸ் செய்யுங்கள். இந்த அளவுக்கு 15 கிராம் மணிகள், 40 நிமிடம், மெதுவான சுழற்சி. கைட்டோசானுக்கே பாக்டீரியாவைக் கொல்லும் தன்மை உண்டு. செல்களோடு சேர்த்துக் கலக்கவே கூடாது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்தது என்றால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

பாஸ்டரைஸ் செய்த ஜூஸ் நன்றாகக் குளிர்ந்த பிறகே மணிகளைச் சேருங்கள். வளர்ப்பில் மி.லி.க்கு 100 கோடி இருந்து இழப்பும் இல்லையென்றால், 1 கிராம் மணியில் சுமார் 200 கோடி செல்கள்; 200 மி.லி. பாட்டிலுக்கு 2 கிராம் போட்டால் மி.லி.க்கு 2 கோடி. முதல் முயற்சிக்கு ஆப்பிள் ஜூஸ் நல்லது, அதில் சிட்ரிக் அமிலத்தைவிட மாலிக் அமிலமே அதிகம். 1 மி.மீ.க்கு மேற்பட்ட மணி நாக்கில் தட்டுப்படும். ரொம்பச் சிறிதாக்கினால் பாதுகாப்பு குறையும்.

உயிர்ச் செல்களை எண்ணும்போது 1 கிராம் மணியை 9 மி.லி. 2% சோடியம் சிட்ரேட்டில் முழுசாகக் கரையுங்கள். கரையாத மணி எத்தனை கோடி செல்களை வைத்திருந்தாலும் வளர்ப்புத் தட்டில் ஒரே காலனியாகத்தான் (பாக்டீரியாத் திட்டு) தெரியும். உறையில்லாத செல்கள் போட்ட பாட்டில் ஒன்றையும் 4 டிகிரியில் கூடவே வைத்து, வாரம் ஒருமுறை இரண்டையும் எண்ணுங்கள்.