பாட்டியின் மூக்கு மடிப்புக்குள் போகாமல் படப்புத்தகம் வரைவது எப்படி?

என் மூன்றாவது படப்புத்தகம் அச்சாகி வந்த அன்று, பெட்டியைப் பிரித்ததும் எனக்கு மிகவும் பிடித்த பக்கத்தைத் தேடித் திறந்தேன். பேருந்தின் ஜன்னலோரம் பாட்டி, அவள் மடியில் பேத்தி, பேத்தியின் மடியில் வெள்ளாட்டுக் குட்டி. குட்டி இருந்தது. பேத்தியும் இருந்தாள். பாட்டிக்குக் கண்கள் இரண்டும் இருந்தன, மூக்கைத்தான் காணோம். புத்தகத்தின் நடு மடிப்பு அதை விழுங்கியிருந்தது. பதினொரு நாள் உட்கார்ந்து தீட்டிய படம் அது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. இரண்டு பக்கங்களுக்கும் நட்ட நடுவில் முகத்தை வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் வரிசையே மாறிவிட்டது. இப்போது ஒரு படப்புத்தகத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிக்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். நீர்வண்ணமும் மையும் கொண்டு கையால் வரைகிறவர்களுக்கானது இது. தூரிகை பிடிப்பது, வண்ணம் கலப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பென்சில் அல்ல, ஸ்டேப்ளர்

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் கொண்டவை. அச்சகத்தில் பெரிய தாளை அடித்து மடிக்கும்போது ஒரு பாரத்துக்கு, அதாவது அப்படி மடித்த ஒரு தொகுதிக்கு, 8 அல்லது 16 பக்கம் வரும் என்பதால் இந்தக் கணக்கு. நம் ஊரில் 16, 24 பக்கப் புத்தகங்களும் நிறைய வருகின்றன. எத்தனை பக்கம், என்ன அளவு, எந்த பைண்டிங் என்ற மூன்றையும் பதிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள்.

பிறகு எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு பின் அடியுங்கள். 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தனித்தனி. இடையில் இருப்பவை 15 இரட்டைப் பக்கங்கள். பதிப்பு விவரங்களுக்கு ஒன்று போனால், கதைக்கு 14 மிஞ்சும். கதையை அந்த 14 இடங்களில் பிரித்து எழுதுங்கள். எந்த வரியில் பக்கம் புரள வேண்டும் என்பது எழுத்தாளர் கொடுத்த தட்டச்சுப் பிரதியில் தெரியாது. தாளைப் புரட்டும்போது விரலுக்குத் தெரியும். பேருந்து கிளம்பினால் வலப்பக்கம் நோக்கிக் கிளம்பட்டும். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், புரட்டுவதும் வலப்பக்கத்தைத்தான். எதிர்த்திசையில் ஓடும் பேருந்து ஊருக்குத் திரும்பி வருவதுபோலத் தோன்றும்.

தம்ப்நெயில்

ஒவ்வொரு இரட்டைப் பக்கத்துக்கும் தீப்பெட்டி அளவில் நான்கைந்து குட்டிப் படங்கள் போடுங்கள். முகம், விரல், பூப்போட்ட புடவை எதுவும் வேண்டாம். இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, எழுத்து எங்கே என்பது மட்டும் போதும். நான் இதற்கு மொட்டையான 6பி பென்சில்தான் வைத்திருக்கிறேன். கூரான பென்சில் கையில் இருந்தால் கண் இமை வரையத் தோன்றிவிடும்.

எழுத்துக்கான இடத்தைத் தாராளமாக விடுங்கள். ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். தமிழில் சொற்கள் நீளம். மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு இடையே இடைவெளியும் கூடுதலாக வேண்டும். குழந்தைகளுக்கான பெரிய எழுத்தில் நான்கு வரி வந்தாலே பக்கத்தில் கால்வாசி போய்விடும். அந்த இடத்தில் வெளிர் நிறம் மட்டும் இருக்கட்டும். எழுத்துக்குப் பின்னால் ஆலமரத்து இலைகளை வரைந்தால் படிக்கும் குழந்தை பாவம்.

இன்னொன்று: படத்துக்குள் எழுத்து எழுதாதீர்கள். ‘டீக்கடை’ என்று நான் ஆசையாக எழுதிய பலகை பிறகு தொல்லையாக முடிந்தது. சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் கொண்டுவருகின்றன. கதையின் எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருந்தால், மற்ற மூன்று நிறங்களுக்கான அச்சுத் தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி அடுத்த மொழியை அடித்துவிடலாம். ஓவியத்தில் சிவப்பு வண்ணத்தில் எழுதிய பலகையை அப்படி மாற்ற முடியாது. டீக்கடையைக் காட்ட பாய்லரும் கண்ணாடித் தம்ளரும் போதும்.

அந்த மடிப்பு

இந்தப் பகுதியை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

பைண்டிங்கில் முக்கியமாக இரண்டு வகை. முதுகில் பசை போட்டு ஒட்டுவது ஒன்று, நடுவில் பின் அடிப்பது மற்றொன்று. ஒட்டிய புத்தகம் முழுவதும் விரியாது. பக்கத்தின் உள்விளிம்பில் ஒரு பட்டை கண்ணுக்குத் தெரியாமல் முதுகுக்குள் போய்விடும். பாட்டியின் மூக்கு போனது அங்கேதான். இப்போது நடுக்கோட்டின் இருபுறமும் 12 மில்லிமீட்டர் அளந்து டம்மியில் சிவப்புப் பென்சிலால் தீட்டிவிடுகிறேன். அந்தப் பட்டைக்குள் தரை, சுவர், வானம் மட்டுமே வரலாம். முகம், கை, ஆட்டின் வால் எதற்கும் அனுமதி இல்லை.

பின் அடித்த புத்தகம் நன்றாக விரியும் என்பதால் பலர் அங்கே கவலைப்படுவதில்லை. அங்கே வேறு சிக்கல். நட்ட நடு இரட்டைப் பக்கம் மட்டும்தான் ஒரே தாள். 32 பக்கப் புத்தகத்தில் 16, 17 ஆம் பக்கங்கள். மற்ற எல்லா இடத்திலும் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள். மடிப்பதில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் இரண்டு பாதிகளும் ஒட்டாமல் நிற்கும். அதனால் மனம் விட்டுப் பெரிய காட்சி வரைய வேண்டுமென்றால் அதை நடு இரட்டைப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

கோடுகளையும் கவனியுங்கள். மின்கம்பி, பேருந்துக்குள் இருக்கும் கைப்பிடிக் கம்பி போன்ற மெல்லிய கிடைக்கோடு மடிப்பைத் தாண்டினால், தாள் மேலும் கீழும் நகரும்போது முறிந்து தெரியும். சரிந்த கோடு தாண்டினால், ஒட்டு பைண்டிங் விழுங்கிய பட்டையால் முறியும். முறியாமல் தப்புவது மலை, மேகம், புல்வெளி மாதிரி ஒழுங்கில்லாத உருவங்கள். என் பேருந்தில் கைப்பிடிக் கம்பி மடிப்பைத் தொடும் இடத்தில் இப்போது ஒரு துணிப்பை தொங்குகிறது. எல்லாரும் அதைப் பாராட்டுகிறார்கள்.

வெளிவிளிம்பிலும் ஒரு கணக்கு உண்டு. அச்சான பிறகு புத்தகத்தை மூன்று பக்கமும் வெட்டுவார்கள். அதற்காகப் படத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அதிகமாகத் தீட்ட வேண்டும். அச்சகத்தார் ப்ளீட் என்பது இதைத்தான். 21.5 செ.மீ. சதுரப் புத்தகம் என்றால் இரட்டைப் பக்க ஓவியம் 43.6 × 22.1 செ.மீ.

பாத்திரங்களைப் பழகிக்கொள்வது

பாட்டியை முன்னால், பின்னால், பக்கவாட்டில், கோபமாக, தூங்கி வழிந்தபடி என்று ஒரு தாள் நிறைய வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கறுப்பு நிழலாக மட்டும் தீட்டினாலும் யார் என்று தெரிகிறதா என்பதே சோதனை. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். உருவிய வாளும் தோளில் பிணமுமாக அவன் நடந்து வரும் அந்த உருவம் நிழலாகத் தெரிந்தாலே போதும், வேதாளம் வரை ஞாபகம் வந்துவிடும்.

தாளும் மையும்

நல்ல தாள் வாங்குங்கள். மாணவர் தர வண்ணத்தை வைத்துச் சமாளித்துவிடலாம், மட்டமான தாளை வைத்து முடியாது. இரண்டாவது பூச்சிலேயே பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும். நான் வாங்குவது 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள், 56 × 76 செ.மீ. முழுத்தாள். 76 பக்கத்தை மூன்றாகக் கிழித்தால் மேலே சொன்ன அளவில் மூன்று இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். 14-க்கு ஐந்து தாள் போதும், ஒன்று மிச்சமாகும். அந்த மிச்சம் நிச்சயம் தேவைப்படும்.

கச்சா ஓவியத்தை, அதாவது முழு அளவில் போட்ட முதல் வரைவை, இந்தத் தாளுக்கு மாற்ற லைட் பாக்ஸ் வேண்டும். நான் இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் கண்ணாடி வைத்து, அடியில் எல்.இ.டி. விளக்கு போட்டுக்கொள்கிறேன். தாள் தடிமனானது, கச்சா ஓவியத்தைக் கறுப்புப் பேனாவால் அழுத்தமாகப் போட்டால்தான் மேலே தெரியும்.

இங்கே பலருக்கும் நேர்வது, கச்சாவில் துள்ளிக் குதித்த ஆடு, மாற்றி வரைந்ததும் பொம்மையாகிவிடும். கோட்டின் மேலேயே கோடு இழுத்தால் கை பயந்து பயந்து போகிறது. ஆங்கிலேய ஓவியர் குவென்டின் பிளேக்கும் லைட் பாக்ஸில்தான் வரைகிறார். ஆனால் அவர் அடியில் இருக்கும் கோட்டை நகலெடுப்பதில்லை; எது எங்கே என்ற ஞாபகத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கரகரக்கும் நிப்பால் புதிதாக வரைகிறார். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆயிற்று. அறை விளக்கைப் போட்டு, அடியில் இருப்பது அரைகுறையாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு பாருங்கள். கை தானாகத் துணிந்துவிடும்.

மை தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும். புட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், துண்டுத் தாளில் கோடு போட்டு, நன்றாகக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். சாதாரண ஊற்றுப்பேனா மை வேண்டவே வேண்டாம். பிரஷ் பேனாவும் எனக்குப் பிடிப்பதில்லை.

வண்ணம்

தாளை நனைத்து, பலகையில் கோந்துத் தாள் நாடாவால் நான்கு ஓரமும் ஒட்டி, காயவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் தாள் அப்பளம்போல நெளியும்.

ஒரு படத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைக் கைவிடுங்கள். கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி தனியாகச் சாம்பார் வைப்பதில்லை அல்லவா? பாட்டியின் பச்சைப் புடவைக்கு ஒரு பெரிய கிண்ணத்தில் வண்ணம் கலந்து, 14 படங்களிலும் புடவையை ஒரே மூச்சில் தீட்டுங்கள். அடுத்து பேத்தியின் பாவாடை. அடுத்து பேருந்து. கலவை என்னவென்று ஒரு துண்டுத் தாளில் தடவி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும் என்பது தெரிந்ததுதான். சித்திரை, வைகாசியில் தீட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மின்விசிறியை நிறுத்துங்கள். வானம் தீட்டி முடிப்பதற்குள் முதல் பாதி காய்ந்து ஓரம் கட்டிவிடும். வியர்வையைத் துடைக்கத் தோளில் துண்டு இருக்கட்டும், ஒரு சொட்டு விழுந்தாலும் படத்தில் பூ மாதிரி விரியும். வண்ணம் படாமல் தாளை மறைக்கும் மாஸ்கிங் திரவத்தை நான் தொடுவதில்லை; நாற்றம் ஒருபுறம், தூரிகையைக் கெடுப்பது மறுபுறம். ஆட்டின் மீசைக்கு அடியில் இருப்பதை மறைக்கும் வெள்ளை நீர்வண்ணமான குவாஷ் போதும்.

ஸ்கேன்

வண்ணப் படத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), கோட்டுச் சித்திரம் மட்டும் என்றால் 600-இல் எடுங்கள். மெலிந்த தட்டை ஸ்கேனர்களில் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை இருக்கும்; தாள் கொஞ்சம் நெளிந்து கண்ணாடியை விட்டு எழும்பினாலே மங்கிவிடும். கனமான சி.சி.டி. வகை கிடைத்தால் அதுவே நல்லது. எந்த ஸ்கேனரும் மிக வெளிறிய மஞ்சளைத் தின்றுவிடும், கணினியில் அதை மீட்டெடுக்க வேண்டியிருக்கும்.

அச்சு நான்கு மையில், அதாவது சி.எம்.ஒய்.கே.யில் (சியான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) நடக்கிறது. திரையில் பளிச்சென்ற ஊதா, கிளிப்பச்சை, ஆரஞ்சு எல்லாம் அதில் சோர்ந்துபோகும். அதனால் பாட்டிக்குக் கிளிப்பச்சைப் புடவை கட்டுவதை நான் விட்டுவிட்டேன், இலைப்பச்சை ஏமாற்றுவதில்லை. காகிதத்தில் ஒரு ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

பிற்சேர்க்கை 1: ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டினால் நடுவில் நிறம் மாறித் தெரிகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இரண்டாவது பாதியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து எடுத்திருப்பீர்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் விழுகிறது. தாளின் சொரசொரப்பு ஒரு பாதியில் மேல்நோக்கியும் மறு பாதியில் கீழ்நோக்கியும் நிழல் போடும். ஸ்கேனரின் மூடியைக் கழற்றிவிட்டு, தாளைத் திருப்பாமல் நகர்த்தி மட்டும் எடுங்கள். இரண்டு பாதிக்கும் நான்கு விரற்கடை பொதுவாக இருக்கட்டும்.

பிற்சேர்க்கை 2: மடிப்பில் ஏற்கெனவே முகம் வைத்துத் தீட்டி முடித்துவிட்டேன், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டு பைண்டிங் என்றால், பக்கம் அமைப்பவரிடம் சொல்லி இரண்டு பாதிகளையும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளி, மடிப்போரம் இருக்கும் பட்டையை இரண்டு பக்கத்திலும் வரும்படி செய்யலாம். முழு மூக்கும் கிடைக்காது. ஆனால் மூக்கு என்று தெரியும்.

பிற்சேர்க்கை 3: ஒரு நூலகத்தில் இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “அத்தை, ஆட்டுக்குட்டிக்கு இடது காதுதானே கறுப்பு? ஒன்பதாம் பக்கத்தில் வலது காது கறுப்பாக இருக்கிறதே, அது வேறு குட்டியா?” என்று கேட்டாள். வேறு குட்டி இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பாத்திரத் தாளில் பாட்டி மட்டும்தான் இருந்தாள், ஆட்டுக்கு நான் தாள் போடவே இல்லை. இப்போது ஆடு, கோழி, செருப்பு வரை எல்லாவற்றுக்கும் போடுகிறேன்.